வருகை வாசலில் நின்ற மாமா

மே 4

மாமா இன்று செருப்பை வாஷிங் மெஷினுக்குள் போட்டு மூடிவிட்டார். நல்லவேளை, ஸ்விட்சைப் போடவில்லை. "அழுக்கா இருந்துச்சு, அதான்" என்றார். அழுக்காகத்தான் இருந்தது. அவர் சொல்வதைத் தனித்தனியாக எடுத்தால் எல்லாம் சரிதான். சேர்த்துப் பார்க்கும்போதுதான் எதுவும் சரியில்லை.

மதியம் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு டீச்சர் போன் செய்தாள். மாமா கதவைத் திறந்துகொண்டு பஸ் நிறுத்தம்வரை போயிருக்கிறார். யாரோ கையைப் பிடித்துக் கூட்டி வந்து விட்டிருக்கிறார்கள். மிஷினை அப்படியே நிறுத்திவிட்டு ஓடினேன்.

"எங்க மாமா போனீங்க?"

"பெரியவன் வர்ற நாளாச்சேம்மா. நீ மறந்துட்டியா?"

பெரியவன் என்றால் அவருடைய மகன், என் கணவர். போன வருஷம் தவறிவிட்டார். மாமாவுக்கு அது சில நாள் தெரியும், பல நாள் தெரியாது. தெரிகிற நாளில் அவர் சாப்பிடுவதில்லை. அதனால் தெரியாத நாளே தேவலை என்று நினைக்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

முதலாளி மறுபடி கேட்டார். புதுக் கிளையை நான் பார்த்துக்கொள்ள முடியுமா என்று. "யோசிச்சுச் சொல்லுங்கம்மா. ஆனா ரொம்ப யோசிக்காதீங்க."

மே 6

குட்டியிடம் போனில் பேசினேன். நாத்தனார். அவளுக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகும் இந்த வீட்டில் அவள் குட்டிதான். பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று ரெண்டு நாளாக ஒத்திகை பார்த்திருந்தேன். ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. "அப்பாவை நீ வெச்சுக்கறியா?" என்று பொட்டென்று கேட்டுவிட்டேன்.

பின்னால் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"நான் எப்ப அண்ணி மாட்டேன்னேன்? நீங்க கேட்கவே இல்லையே."

உண்மைதான். கேட்டால் நான் தோற்றுவிட்டதாக ஆகிவிடும் என்று இருந்தேன். யாரிடம் தோற்பது? இல்லாத அவரிடமா?

"ஆனா கைக்குழந்தையோட என்னால அங்க வந்து கூட்டிட்டு வர முடியாது. நீங்கதான் கொண்டு வந்து விடணும்."

கொண்டு வந்து விடுவதாம். பார்சல் மாதிரி. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நானும் மனதுக்குள் அந்த வார்த்தையைத்தான் வைத்திருந்தேன்.

நான் விமானத்தில் ஏறியதே இல்லை.

மே 9

டிக்கெட் போடுகிறவர் நல்ல மனுஷன். மாமாவைப் பற்றிச் சொன்னதும் கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அவர் சொன்னதையெல்லாம் எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடும்.

வீல்சேர் வேண்டுமென்று இப்போதே பதிய வேண்டும். அங்கே போய்க் கேட்டால் கிடைத்தால் உண்டு. "நடக்கிறவர்தானே" என்றேன். "நடக்கறதுதாம்மா பிரச்சனை" என்றார். சிரித்துவிட்டேன். ரொம்ப நாளாகிவிட்டது சிரித்து. வீல்சேர் இருந்தால் தனி வரிசை, கூடவே ஒரு ஆள் வருவார், மாமாவும் ஒரே இடத்தில் இருப்பார்.

இருக்கை: மாமா ஜன்னல் பக்கம், நான் அடுத்து. அப்படியென்றால் என்னைத் தாண்டாமல் எழ முடியாது. கழிவறைக்குப் பக்கத்து வரிசையாகக் கேட்டு வாங்கிக் கொடுத்தார்.

மாத்திரைகள் கைப்பையில், டாக்டர் சீட்டோடு. பெரிய பெட்டி வேறு விமானத்தில் போய்விட்டாலும் மாத்திரை நம்மோடு இருக்க வேண்டும். சோதனை செய்கிற இடத்தில் மறதி நோய் என்று முன்கூட்டியே அதிகாரியின் காதில் சொல்லிவிட வேண்டும். மாமா எதிரில் சொல்லக் கூடாது.

நேர் விமானம் இல்லை. போகும்போது ஒரு ஊரில் மாற வேண்டும். திரும்பி வரும்போது வேறொரு ஊரில் மாற வேண்டும். அந்த இரண்டாவது ஊரின் பேரைச் சொன்னார்.

என் முகம் எப்படி ஆயிற்றோ தெரியவில்லை. "வேணாம்னா வேற வழி பாக்கறேன்மா" என்றார்.

"இல்ல. இதுவே இருக்கட்டும்."

ஏன் அப்படிச் சொன்னேன்?

மே 13

அந்த ஊரில்தான் அவர் உயிர் போனது. ஹோட்டல் அறையில்.

தொழிற்சாலைகளில் பேக்கிங் மிஷின் ரிப்பேர் பார்க்கிற வேலை அவருக்கு. மாதத்தில் பாதி நாள் ஆகாயத்தில், மீதி நாள் ஏதோ ஓர் ஹோட்டலில். ஒருநாள் காலை கம்பெனிக்காரர் போன் செய்தார். தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்றார். அறையைச் சுத்தம் செய்ய வந்தவர்கள்தான் பார்த்தார்களாம். மற்ற எல்லாவற்றையும் கம்பெனியே செய்து அவரைக் கொண்டு வந்து சேர்த்தது. நான் போகவில்லை. மாமாவை யாரிடம் விட்டுவிட்டுப் போவேன்? குட்டிக்கு அப்போது நிறைமாதம், விமானத்தில் ஏற்றவே மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் அண்ணன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

ஊருக்குக் கிளம்புகிறவர் யாராக இருந்தாலும் அவர் பிடித்து வைத்துப் பாடம் எடுப்பார். மேல்மாடிக்காரர் ஒருமுறை மாட்டிக்கொண்டு தவித்தது நினைவிருக்கிறது. "ஏர்போர்ட்ல கூட்டம் போற பக்கம் போகாதீங்க சார், போர்டைப் பாருங்க. கூட்டத்துக்கும் வழி தெரியாது." கயிறு கட்டுகிற ஷூ போடக் கூடாது. தண்ணீர் பாட்டிலைக் காலியாகக் கொண்டுபோய் உள்ளே நிரப்பிக்கொள்ள வேண்டும். பெட்டியை ஒப்படைக்கும் முன் ஒரு போட்டோ. கைப்பையில் ஒரு மாற்றுத் துணி. ஹோட்டலில் சாவி கொடுப்பவர் அறை எண்ணை நாலு பேர் காதில் விழச் சொன்னால் வேறு அறை கேட்க வேண்டும். உள்ளே நுழைந்ததும் அவசரப் படிக்கட்டு எந்தப் பக்கம் என்று ஒருதரம் நடந்து பார்க்க வேண்டும்.

நான் துணி மடித்தபடியே ம் கொட்டிக்கொண்டிருப்பேன். எனக்கெதற்கு இதெல்லாம் என்று நினைத்தேன். இப்போது பாதிதான் ஞாபகத்துக்கு வருகிறது. மீதியை எங்கே போய்க் கேட்பது?

மே 17

மாமாவின் துணிகளை அடுக்கினேன். நான் அடுக்க அடுக்க அவர் எடுத்து அலமாரியில் வைத்தார். இருவருமே வேலை செய்துகொண்டிருந்தோம்.

மே 20

முதலாளியிடம் சரி என்று சொல்லிவிட்டேன். சந்தோஷப்பட்டார். நான் கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மே 22, மாலை, ஹோட்டல் அறை

இந்த இரண்டு வார்த்தையை நான் எழுதுவேன் என்று நினைக்கவே இல்லை. ஹோட்டல் அறை. மாமா பக்கத்துக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலையில் ஏர்போர்ட் வாசலில் டாக்ஸி நின்றது. மாமாவுக்கு இடம் அடையாளம் தெரிந்துவிட்டது. முகமே மாறிவிட்டது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், தலையைக் கையால் வாரிக்கொண்டார். பிறகு நாங்கள் போக வேண்டிய வாசலுக்கு எதிர்ப்பக்கம் விறுவிறுவென்று நடந்தார். வருகிறவர்கள் வெளியே வரும் வாசல். அங்கே கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

நாங்கள் இருவரும் இதுவரை ஏர்போர்ட்டுக்கு வந்ததெல்லாம் என் கணவரை அழைத்துப் போகத்தான். மாமா எப்போதும் அந்தக் கம்பியைத்தான் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"மாமா, நாம உள்ள போகணும்."

"இரும்மா. அவன் வரட்டும்."

"நேரமாச்சு மாமா."

"உனக்கு என்ன அவ்ளோ அவசரம்? புருஷன் வர்றான், ரெண்டு நிமிஷம் நிக்கக் கூடாதா?"

வீல்சேர் தள்ளுகிறவர் வந்து நின்றார். நல்ல இளந்தாரி, பொறுமையாகத்தான் இருந்தார். மாமாவின் விரலைப் பிரிக்கப் பார்த்தேன். எவ்வளவு இறுக்கம்! கதவு திறக்கும்போதெல்லாம் எட்டி எட்டிப் பார்த்தார். பெட்டியைத் தள்ளிக்கொண்டு யார் யாரோ வந்தார்கள். ஒரு ஆளின் நடை அவர் நடை மாதிரியே இருந்தது. நானும் பார்த்தேன். ஒரு நொடி... இல்லை, விடு.

கடைசியில் சொல்லிவிட்டேன். "அவர் இங்க வரல மாமா. நேரா குட்டி வீட்டுக்குப் போயிட்டார். நாம அங்க போனா பாக்கலாம்."

"அப்படியா? முன்னாடியே சொல்லக் கூடாது?" கம்பியை விட்டுவிட்டுத் தானாகவே வீல்சேரில் போய் உட்கார்ந்தார். "தள்ளுப்பா" என்றார்.

அவ்வளவு சுலபமாக இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

சோதனையில் அதிகாரியிடம் காதோடு சொன்னேன். அவர் மாமாவைப் பார்த்து, "அய்யா, கையை விரிங்க, சட்டை அளவு எடுக்கறேன்" என்றார். மாமா விறைப்பாக நின்று அளவு கொடுத்தார். "இடுப்புல கொஞ்சம் லூசா வைப்பா" என்றார். அந்த அதிகாரி நன்றாக இருக்கட்டும்.

விமானம் கிளம்பவே நேரமாயிற்று. ஏறும்போது காது அடைத்தது, மாமாவுக்கு மிட்டாய் கொடுத்தேன், சப்பினால் சரியாகிவிடுகிறது. நான் கண்ணை மூடிக்கொண்டு இருக்கையின் கையைப் பிடித்திருந்தேன். மாமா என் கைமேல் தன் கையை வைத்து, "ஒண்ணும் ஆகாது, பெரியவன் தினம் போறான்" என்றார்.

கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு திறக்கத் தெரியாமல் கதவைத் தட்டினார். பணிப்பெண் வெளியிலிருந்தே திறந்துவிட்டாள். வெளியிலிருந்து திறக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்படிக் கத்தியிருக்க மாட்டேன். முன்பே அவளிடம் சொல்லி வைத்திருக்க வேண்டும்.

இறங்கியபோது அடுத்த விமானம் போய்விட்டிருந்தது. கவுன்ட்டரில் நீள வரிசை. அப்போது என் கணவர் எப்போதோ சொன்னது ஒன்று தலையில் வந்து விழுந்தது: "வண்டி தவறிப்போச்சுன்னா வரிசையில நின்னுக்கிட்டே போன்லயும் கூப்பிடு. எது முன்னாடி கிடைக்குதோ அது." வரிசை நகரும் முன்பே போனில் ஒரு பெண் எங்களுக்கு நாளைக் காலை விமானத்தில் இடம் போட்டுவிட்டாள். "தாமதம் உங்களோடது, தங்கறதுக்கு ரூம் நீங்கதானே தரணும்?" என்று கேட்டேன். அதுவும் அவர் சொன்னதுதான். தந்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற அம்மா, "நீங்க நிறைய டிராவல் பண்ணுவீங்களா?" என்று கேட்டாள்.

அறைக் கதவைத் திறந்து வாசலிலேயே நின்றுவிட்டேன். வெள்ளைப் படுக்கை, மடித்த போர்வை, மேஜைமேல் கவிழ்த்து வைத்த கண்ணாடி டம்ளர். இப்படி ஒன்றில்தானே அவர். இந்த மாதிரி விளக்குதானே. மாமா என்னைத் தாண்டி உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து, "நல்ல மெத்தை" என்றார்.

அவசரப் படிக்கட்டு வலது கைப் பக்கம். நடந்து பார்த்துவிட்டேன். ஹோட்டல் அட்டையில் என் போன் எண்ணை எழுதி மாமாவின் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். கதவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டிருக்கிறேன்.

மே 23

குளித்துவிட்டு வெளியே வந்தால் நாற்காலி அதன் இடத்தில் அழகாக மேஜைக்கடியில் இருந்தது. மாமா இல்லை.

ஈரத் தலையோடு ஓடினேன். லிஃப்ட் வர நேரமானது, படியில் இறங்கினேன். சாப்பாட்டுக் கூடத்தில் இல்லை. ரிசப்ஷனில் ஒரு பெண், "யாரு மேடம்? எப்படி இருப்பார்?" என்று கேட்கிறாள். எப்படி இருப்பார்? நீலச் சட்டையா, சாம்பல் சட்டையா? காலையில் நான்தான் போட்டுவிட்டேன், ஞாபகத்தில் இல்லை. என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது ஒன்றுதான். மகனையும் ஹோட்டலில் தொலைத்தேன், அப்பாவையும் ஹோட்டலில் தொலைத்தேன். குட்டியிடம் எந்த வாயால் சொல்வேன்.

வாசலில் ஹோட்டலின் வேன் நின்றிருந்தது, ஏர்போர்ட்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன். முன் இருக்கையில் மாமா. சட்டைப் பொத்தானெல்லாம் கழுத்துவரை போட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு.

டிரைவர் இறங்கி வந்தார். "அய்யா ஏர்போர்ட் போகணும்னாரு. பையன் வர்றாராமே? கூட யாரும் இல்லையேன்னு நான் வண்டியை எடுக்கலம்மா. பேசிக்கிட்டே இருந்தேன்."

அவருக்குக் கை கூப்பினேன். வேனில் ஏறி மாமா பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்த்து, "நீயும் வந்துட்டியா, நல்லது. தலை ஏன் ஈரமா இருக்கு?" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். அடுத்த பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் எனக்கு அலுத்துவிட்டது. எத்தனை வாசலில்தான் இந்த மனுஷனை நிற்க வைப்பேன்?

"மாமா, அவர் வரமாட்டார். நேத்து நான் பொய் சொன்னேன். அவர் இறந்துட்டார் மாமா. போன வருஷம்."

டிரைவர் கதவை மெல்லச் சாத்திவிட்டு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

மாமா அழவில்லை. கண்ணாடி வழியாக ரொம்ப நேரம் வெளியே பார்த்தார். "எங்க?" என்று கேட்டார்.

"ஒரு ஹோட்டல்ல. தூக்கத்துல."

"யாரு இருந்தா கூட?"

இத்தனை நாளில் ஒருதடவைகூட அவர் இதைக் கேட்டதில்லை. நானும் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று.

"தெரியல மாமா."

"தெரியலையா?" என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மறதி எதுவும் இல்லை. நல்ல தெளிவான பார்வை. "நீ அவன் பொண்டாட்டிதானே?"

திட்டவில்லை. நிஜமாகத்தான் கேட்டார். நான் வேனிலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் என் ஈரத் தலையைத் தன் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார், சரியாகக்கூடத் துடைக்கவில்லை, ஒரே இடத்தில்.

அடுத்த விமானத்தில் வழிநெடுகத் தூங்கினார். குட்டியும் அவள் வீட்டுக்காரரும் வாசலில் நின்றார்கள். மாமா குட்டியைப் பார்த்து முதலில் கேட்டது, "பெரியவன் எங்க?"

மே 25

குட்டி கோபமாக இருக்கிறாள். "அண்ணன் இங்க இருக்கான்னு நீங்க சொன்னீங்களாமே. ஒவ்வொரு ரூமா தேடறாரு அண்ணி. கட்டிலுக்கு அடியில பாக்கறாரு."

"உண்மையையும் சொன்னேன் குட்டி."

"அது அவர் மனசுல நிக்கல. இதுதான் நின்னுருக்கு."

நல்ல அறை கொடுத்திருக்கிறாள், ஜன்னலில் வெயில் வருகிறது. மாமாவின் மாத்திரைகளைக் காலை, மதியம், மாலை என்று பிரித்துக் காட்டினேன். பாலில் சர்க்கரை கம்மி. குளிக்க மாட்டேன் என்றால் வற்புறுத்தாதே, அரைமணி கழித்துப் புதிதாகக் கேட்பது போல் கேள். கத்தரிக்கோலை எங்காவது ஒளித்து வை. அவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். திடீரென்று, "அண்ணனைப் பத்தி மட்டும் எதுவும் சொல்ல மாட்டேங்கறீங்க" என்றாள்.

"என்ன சொல்லணும்?"

"எனக்கென்ன தெரியும்? ஒரு போன் வந்துச்சு, அவ்ளோதான் எனக்கு. உங்களுக்காவது ஏதாச்சும் இருக்கும்னு நினைச்சேன்."

எனக்கும் ஒரு போன்தான் வந்தது என்று சொல்லவில்லை.

மே 28

குழந்தை மாமாவின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கியது. மாமா சிரித்தார்.

மே 30

கிளம்பிவிட்டேன். மாமா தூங்கும்போது போய்விடச் சொன்னாள் குட்டி. எனக்கு மனது வரவில்லை. எழுப்பிச் சொன்னேன், "மாமா, நான் போயிட்டு வரேன்." "ஜாக்கிரதையாப் போ" என்றார். எதிர்வீட்டுக்குப் போகிறவளுக்குச் சொல்வது போல.

குட்டி வாசல்வரை வந்தாள். கட்டிப் பிடித்துக்கொள்வாளோ என்று நினைத்தேன். குழந்தை இடுப்பில் இருந்தது, தோளை மட்டும் தொட்டாள்.

அவளிடம் சொல்லவில்லை, டிக்கெட் போடுகிறவரிடம் மட்டும் போனில் கேட்டேன். நடுவில் மாறுகிற அந்த ஊரில் ஒருநாள் நின்றுவிட்டு அடுத்த நாள் வருகிறேன், முடியுமா என்று. "இந்த மாதிரி டிக்கெட்ல தேதி மாத்தலாம்மா. ஆனா பெட்டியை அந்த ஊர்லயே இறக்கச் சொல்லி ஒட்டுச் சீட்டு போடச் சொல்லுங்க, இல்லன்னா அது உங்களுக்கு முன்னாடி வீட்டுக்குப் போயிடும்" என்றார். ஏன் என்று கேட்கவில்லை.

தனியாக ஏறினேன். இந்த முறை எனக்கு ஜன்னல். கையைப் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை. பயமும் இல்லை, அதுதான் ஆச்சரியம்.

மே 31

அவர் கடைசியாகத் தங்கிய அதே ஹோட்டல். அறையிலிருந்துதான் எழுதுகிறேன். அவர் இருந்த அறை இல்லை. அது எது என்று எனக்குத் தெரியாது.

காலையில் மேனேஜரைப் பார்த்தேன். பேரைச் சொன்னேன், மாதத்தைச் சொன்னேன். அவர் முகம் உடனே பூட்டிக்கொண்டது. "மேடம், கெஸ்ட் சம்பந்தப்பட்ட விஷயங்களை நாங்க பேசறதில்ல." குறை சொல்ல வரவில்லை, கேஸ் போடவும் வரவில்லை என்றேன். "அவர் மனைவி. சும்மா ஒருநாள் தங்கிட்டுப் போறேன்." தலையை மட்டும் அசைத்தார். சாவியைக் கொடுத்த பெண் அறை எண்ணை வாயால் சொல்லாமல் உறையில் எழுதிக் காட்டினாள். அவர் இருந்திருந்தால் பாராட்டியிருப்பார்.

அறையில் உட்கார்ந்திருந்தேன். என்ன செய்ய வந்தேன் என்றே தெரியவில்லை. பைத்தியக்காரத்தனம். ஓர் ஊருக்கு வந்து நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு, கடையில் வேலை குவிந்து கிடக்க—

மதியம் கதவு தட்டப்பட்டது. நடுவயதுப் பெண், சீருடையில், கையில் ரெண்டு துண்டு.

"நான் துண்டு கேட்கலையே."

"மேனேஜர் குடுத்துட்டு வரச் சொன்னாரு." துண்டை நீட்டவில்லை, மார்போடு பிடித்துக்கொண்டே நின்றாள். "நீங்க அவரோட வீட்டம்மாவா?"

உள்ளே வரச் சொன்னேன். நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றாள். நானும் எழுந்து நின்றேன். பிறகு இருவருமே கட்டில் விளிம்பில் உட்கார்ந்தோம்.

"நான்தாம்மா பாத்தேன். கதவைத் தட்டினேன், சத்தமில்ல. உள்ள டிவி ஓடிட்டிருந்துச்சு. மீனெல்லாம் நீந்துமே, அந்த மாதிரி. அவர் ஒருபக்கமா சாஞ்சு படுத்திருந்தாரு, கண்ணாடியைக் கழட்டல. தூங்கறாருன்னு நினைச்சேன். பாவம், களைச்சுப்போய் வந்திருப்பாருன்னு டிவி சத்தத்தைக் குறைச்சேன். போர்வை கீழ விழுந்து கிடந்துச்சு, எடுத்துப் போத்திவிட்டேன். கதவைச் சாத்திட்டு வந்துட்டேன்."

நான் அவள் கையிலிருந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எல்லா ரூமையும் முடிச்சுட்டுத்தான் திரும்ப வந்தேன். அப்பவும் அப்படியே இருந்தாரு." துண்டின் ஓரத்தை முறுக்கினாள். "முன்னாடியே தொட்டுப் பாத்திருக்கணும். ஆள் கூப்பிட்டிருக்கணும். டாக்டர் சொன்னாரு, அது ராத்திரியே முடிஞ்சுபோச்சு, நீ பாக்கறதுக்கு ரொம்ப முன்னாடியேன்னு. ஆனா மனசு கேட்கலம்மா. அதுக்கப்புறம் அந்த மாடிக்கு வேற ஆளைப் போடச் சொல்லி மாத்திக்கிட்டேன்."

வீட்டில் அவர் டிவி பார்த்தபடியே தூங்கிப்போவார். மீன், கடல், ஒட்டகம், எதுவானாலும். கண்ணாடியைக் கழற்ற மாட்டார். நான் வந்து கழற்றி வைத்து, சத்தத்தைக் குறைத்து, போர்வையை இழுத்துவிட்டுப் படுப்பேன். சில நாள் எரிச்சலோடுதான் செய்வேன்.

"நீங்க ஒண்ணும் தப்புப் பண்ணல" என்றேன். "நான் இருந்திருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன். தினமும் அதைத்தான் பண்ணினேன்."

அவள் அழுதாள். நானும். துண்டு இரண்டும் உபயோகமாயிற்று.

போகும்போது கேட்டாள், "அந்த ரூமைப் பாக்கணுமாம்மா? மேனேஜர் கேட்டுட்டு வரச் சொன்னாரு. இப்ப காலியாத்தான் இருக்கு."

"வேண்டாம்" என்றேன். வேண்டியிருக்கவில்லை.

ஜூன் 2

வீடு. மாமாவின் பல் செட் டப்பா குளியலறையிலேயே இருக்கிறது. எடுத்துப் போக மறந்துவிட்டேன். காலியானதுதான், புதிது குட்டி வாங்கியிருப்பாள். தூக்கிப் போட மனமில்லை. கதவை வெளியிலிருந்து பூட்ட வேண்டியதில்லை, காஸை மூட வேண்டியதில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஜூன் 9

கிளைக் கடை. புது மிஷின் இன்னும் கைக்குப் பழகவில்லை, ரெண்டு லென்ஸ் ஓரம் உடைந்துவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு ஓட வேண்டுமே என்று பாதியில் எழுந்துவிட்டேன். பிறகு திரும்ப உட்கார்ந்தேன்.

ஜூன் 15

குட்டிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். ஹோட்டலுக்குப் போனது, துண்டோடு வந்த அந்தப் பெண், மீன், போர்வை. எனக்கும் அதுவரை ஒரு போன்தான் இருந்தது என்பதையும் சொன்னேன்.

ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "போத்திவிட்டாங்களா?" என்றாள். "ஆமாம்" என்றேன். "சரி அண்ணி" என்று வைத்துவிட்டாள். கோபமோ என்று நினைத்தேன். மறுபடி அவளே கூப்பிட்டாள். அழுதாள். நான் வைக்காமல் இருந்தேன்.

ஜூலை 11

மாமாவுக்கு உடம்பு இளைத்திருக்கிறது. வீடியோவில் என்னைப் பார்த்து, "இது யாரு?" என்று குட்டியிடம் கேட்டார். அவள் சொன்னாள். "ஓகோ" என்று மரியாதையாகத் தலையசைத்தார். வெளியாளுக்கு அசைப்பது போல. குட்டி போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"மனசுல வெச்சுக்காதீங்க அண்ணி."

"இல்ல. ரூம் ரூமா தேடறது நின்னுச்சா?"

"தேடறதில்ல. ஆனா கேட்கறாரு. நேத்தும் கேட்டாரு, பெரியவன் எங்கன்னு. நான் பொய் சொல்லல. தூக்கத்துல போயிட்டான்பா, டிவியில மீன் ஓடிட்டிருந்துச்சு, ஒரு அம்மா வந்து சத்தத்தைக் குறைச்சுப் போர்வையைப் போத்திவிட்டாங்கன்னு சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"கொஞ்ச நேரம் கண்ணை மூடிட்டு இருந்தாரு. அப்புறம் கஞ்சி குடிச்சாரு. சாயங்காலம் மறுபடி கேட்டாரு."

"மறுபடியும் சொன்னியா?"

"சொன்னேன். எத்தனை தடவை கேட்டாலும் சொல்றேன் அண்ணி. இப்பதான் சொல்றதுக்கு ஏதோ இருக்கே."